கடைக்கு வர்றவங்களை என்னன்னு கூப்பிடுறது? கவுன்டர்ல நிக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடியில ஒரு ஜவுளிக்கடை கவுன்டர்ல 14 வருஷம் நின்னுட்டு, இப்ப சொந்தமா சின்னதா ஒரு கண்டாங்கி சேலைக் கடை போட்டிருக்கேன். புதுசா வேலைக்குச் சேர்ற பிள்ளைக முதல் வாரம் கேக்குறது துணி ரகமோ விலையோ இல்ல, அதெல்லாம் ஸ்டிக்கர்ல இருக்கு. "அண்ணே, வர்றவுகளை என்னன்னு கூப்பிட?" இதைத்தான் கேக்குதுக. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதனால மொத்தமா எழுதி வச்சிட்டேன். எங்க ஊரு, எங்க கடை வச்சு எழுதுனது, பலகாரக் கடை மெடிக்கல் ஷாப் ஹோட்டல் யாரா இருந்தாலும் வேணுங்கிறதை எடுத்துக்கலாம்.

ஒருத்தர் உள்ள வந்ததும் முதல்ல என்ன சொல்லணும்?

"வாங்க." முடிஞ்சது. அண்ணே அக்கா சார் மேடம் எதுவும் முதல் வார்த்தையில வேண்டாம்.

ஏன்னா நம்ம பேச்சுல மரியாதை இருக்குறது அண்ணன்லயும் அக்காவுலயும் இல்ல, வினையோட வாலுல ஒட்டிக்கிட்டு இருக்கே அந்த "ங்க", அதுலதான் இருக்கு. "அக்கா வா, என்ன வேணும் சொல்லு"ன்னா அதுல அக்கா இருக்கு, மரியாதை இல்ல. "வாங்க, என்ன பாக்குறீங்க"ன்னா அக்கா இல்ல, மரியாதை இருக்கு. இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கமும் கிடையாது, ஒரு ஆளைப் பன்மையில சொல்றதை உயர்வுக்காகச் சொல்ற சொல்லுன்னு தொல்காப்பியத்துலயே வச்சிருக்காங்க. முறைப்பேரைச் சொல்லணும்னா வந்தவங்க வயசு என்ன, கல்யாணம் ஆச்சா, எந்த ஊரு, எந்த வீடு எல்லாத்தையும் ரெண்டு செகண்டுல யூகிக்கணும், அதுல பாதி தப்பாப் போகும். "வாங்க"வுல யூகிக்க ஒண்ணுமே இல்ல.

சந்தையில காய் விக்கிற அப்பத்தா "வா தாயி, கத்திரிக்காய் பாரு"ன்னு சொல்லுமே அது வேற. அந்தம்மாவுக்கு எழுபது வயசு, யாரை வேணும்னாலும் வான்னு சொல்லலாம். இருபத்திரெண்டு வயசுல கவுன்டர்ல நின்னுக்கிட்டு நீ அதைச் செய்யக்கூடாது.

இங்க எல்லாரும் "ஆச்சி"ங்கிறாங்களே, நானும் பெண்களை ஆச்சின்னே கூப்பிடலாமா?

இதுல விழாத ஆளே கிடையாது. வெளியூர்ல இருந்து வந்த பிள்ளைக கண்டிப்பா படிங்க.

இந்தப் பக்கம் ஆச்சின்னா நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பெண்களைச் சொல்ற மரியாதைப் பேரு. வயசுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, போன மாசம் கல்யாணமாகி வந்த இருபத்தஞ்சு வயசுப் பொண்ணையும் வீட்டுல வேலை பாக்குறவங்க "ஆச்சி"ன்னுதான் சொல்லுவாங்க, அந்தப் பொண்ணும் சிரிச்சுக்கிட்டே திரும்பும். அவங்க குடும்பத்துக்குள்ளயே அக்காவை ஆச்சின்னு கூப்பிடுறது உண்டு. ஆனா திருநெல்வேலிப் பக்கம் போனா ஆச்சின்னா பாட்டி!

நானே இதுல மாட்டுனேன். வேலைக்குச் சேந்த ரெண்டாவது வருஷம், அழகப்பா யுனிவர்சிட்டியில படிக்க வந்த ஒரு திருநெல்வேலிப் பொண்ணு, கூட நாலு ஃப்ரெண்ட்ஸ், நான் பெரிய இவனாட்டம் "வாங்க ஆச்சி, உட்காருங்க ஆச்சி"ன்னுட்டேன். கூட வந்ததுக நாலும் சிரிச்ச சிரிப்பு இருக்கே. அந்தப் பொண்ணு முகம் செவந்து போயி, கையில எடுத்த சுடிதாரை அப்படியே வச்சிட்டு வெளியில போயிருச்சு. பின்னாடியே ஓடி விளக்கம் சொன்னேன், எடுபடல. முதலாளி ஒண்ணும் திட்டல, "நாலு சுடிதார் போச்சுடா"ன்னாரு, அது திட்டுனதை விட மோசம்.

அதனால: தெரிஞ்ச வீடு, பல வருஷமா வர்றவங்க, மத்தவங்க அப்படித்தான் கூப்பிடுறாங்கன்னா ஆச்சின்னு சொல்லு. தெரியாத ஆளுக்கு நெத்தியையும் நகையையும் பாத்து நீயா முடிவு பண்ணாத.

மத்த முறைப்பேரு எதுலயாச்சும் இதே மாதிரி குழப்பம் வருமா?

நிறைய. ஆயான்னா இங்க அம்மாவைப் பெத்தவ, மெட்ராஸ்ல இருந்து வந்தவங்களுக்கு ஆயான்னா பள்ளிக்கூடத்துல பிள்ளைகளைப் பாத்துக்குற அம்மா. "ஆயா இப்படி உட்காருங்க"ன்னா அவங்க எதுக்குக் கோவிச்சுக்கிறாங்கன்னே நமக்குப் புரியாது. அப்புறம் அப்பச்சி. நகரத்தார் வீட்டுல அப்பச்சின்னா அப்பா. கோயம்புத்தூர் பக்கத்து ஆளுக அப்புச்சி, அப்பச்சின்னு சொல்றது அம்மாவோட அப்பாவை. ஒரு தடவை கோவைக்கார அம்மா ஒருத்தர் "எங்க அப்புச்சிக்கு வேட்டி எடுக்கணும்"னு கேட்டாங்க, எங்க பையன் அப்பாவுக்குன்னு நினைச்சுக்கிட்டு கலர் பார்டர் போட்ட ஒட்டிக்கோ வேட்டியா எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்கான், அவங்க தொண்ணூறு வயசுத் தாத்தாவுக்கு சாதா நாலு முழம் தேடுறாங்க. பத்து நிமிஷம் ரெண்டு பேரும் வேற வேற ஆளைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க.

கஸ்டமர் அவங்க வீட்டு ஆளை என்ன பேரு சொல்லிச் சொல்றாங்களோ அதே பேரை நாமளும் திருப்பிச் சொல்லணும், நம்ம ஊருப் பேருக்கு மாத்தக்கூடாது. வயசு தெரியணும்னா "எத்தனை வயசுக்காரவுகளுக்கு?"ன்னு நேராவே கேளு, தப்பில்ல.

ஆன்டி, அங்கிள்?

வேண்டாம். நாப்பது வயசுல ஒருத்தரை அங்கிள்னு சொன்ன அன்னைக்கு அவரு வீட்டுக்குப் போயி டை வாங்கி அடிப்பாரு, ஆனா உன் கடையில வாங்க மாட்டாரு.

அப்ப சார், மேடம்னே போயிறலாமா?

போலாம். மொபைல் கடை, பேங்க், பெரிய நகைக்கடை எல்லாம் அதுலதான் ஓடுது, யாரும் குத்தம் சொல்ல முடியாது. என் கடையில நான் அதைக் கட்டாயம் பண்றதில்ல. ஏன்னா சார் மேடம்னு ஆரம்பிச்சா நம்ம பசங்க அதை வச்சே ஆள் பிரிக்கிறானுக. கார்ல வந்தா சார், பஸ்ல வந்தா அண்ணே, சைக்கிள்ல வந்தா ஒண்ணுமே கிடையாது. சார்னு சொன்னா எல்லாருக்கும் சார், இல்லைன்னா யாருக்கும் வேண்டாம்.

ஆளைப் பாத்து "நீ" "நீங்க" மாத்திப் பேசுறது எல்லா ஊருலயும் இருக்குறதுதானே?

இருக்கு. அதுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுனேன்னு வச்சுக்கங்க.

நான் சின்னப் பையனா எங்க அப்பாவோட ஒரு கடைக்குப் போவேன், கடை பேரு வேண்டாம். எங்க அப்பாவுக்கு அப்ப அம்பது இருக்கும், வயக்காட்டு வேலை, தீபாவளிக்குத் துணி எடுக்க மடியில முடிஞ்சு வச்ச காசு. உள்ள நுழைஞ்சதும் கவுன்டர்ல நின்ன பையன், அவனுக்கு என்னை விட ஒரு அஞ்சு வயசு கூட இருக்கும், "என்னப்பா, என்ன வேணும் ஒனக்கு, அது விலை கூட, இங்கிட்டு வா"ன்னான். அதே நேரம் எங்க பின்னாடி பேன்ட் சட்டையில வந்த ஒரு ஆளுக்கு "வாங்க சார், உட்காருங்க"ன்னு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டான். எங்க அப்பா ஒண்ணும் சொல்லல. அந்த விலை கூடன்னு சொன்ன துணியைத்தான் எனக்கு எடுத்துக் குடுத்தாரு, கையில இருந்ததை அங்கயே எண்ணி வச்சிட்டு திரும்ப நடந்தே வந்தோம்.

அந்தக் காலத்துல கடையில யாருக்கு "வாங்க" யாருக்கு "வா"ங்கிறதை ஆளோட ஜாதி முடிவு பண்ணுச்சு, வேட்டி வெள்ளையா இருக்கா மண்ணா இருக்காங்கிறது முடிவு பண்ணுச்சு. வயசு மட்டும் எதையும் முடிவு பண்ணல. இப்ப யாரும் வெளிப்படையா அப்படிச் செய்றதில்லைன்னு சொல்லிக்கிறோம், ஆனா கசங்குன பத்து ரூபா நோட்டா எண்ணுறவங்ககிட்ட கவுன்டர் பையன் வாயில வர்ற வினையைக் கவனிச்சுப் பாருங்க, "ங்க" உதிர்ந்து போயிருக்கும். அவனுக்கே தெரியாது.

என் கடையில பதினெட்டு வயசுக்கு மேல யாரா இருந்தாலும் "நீங்க". பழக்கம் வர்ற வரைக்கும் குப்பை எடுக்க வர்ற அக்கா, மூட்டை தூக்குற அண்ணன், டீ கொண்டு வர்ற பையன் எல்லார்கிட்டயும் சொல்லிப் பழகச் சொல்லுவேன், ஏன்னா கஸ்டமர்கிட்ட மட்டும் மாத்திப் பேசணும்னா ஏதாவது ஒரு பிஸியான நாள்ல வாய் வழுக்கிரும்.

அப்புறம் அந்த "விலை கூட". அதை எப்பவும் யார்கிட்டயும் சொல்லாத. "எந்த ரேஞ்சுல எடுத்துப் போடட்டும்"னு கேளு, அவங்களே சொல்லிருவாங்க.

"செட்டியாரே", "அம்பலாரே", "பாய்" இப்படிக் கூப்பிடலாமா? வர்றவங்களுக்கே அது பிடிச்சிருக்கே.

வயசான கடைக்காரங்க நாப்பது வருஷப் பழக்கத்துல ஒருத்தருக்கொருத்தர் கூப்பிட்டுக்கிறாங்க, அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. நேத்து சேந்த நீ கூப்பிட்டா அது பழக்கம் இல்ல, ஜாதி விசாரணை. ஒருத்தரை செட்டியாரேன்னு உள்ள கூப்பிட்டா பக்கத்துல நிக்கிறவரு "அப்ப நான் யாரு"ன்னு யோசிப்பாரு. யாரையும் இறக்கிக் காட்ட ஜாதிப் பேரை இழுத்தா அது மரியாதைக் குறைவோட நிக்காது, நாலு பேரு முன்னாடி பட்டியல் ஜாதி ஆளை ஜாதி சொல்லி அவமானப்படுத்துனா 1989 வன்கொடுமைச் சட்டத்துல கேஸு.

பாய்ங்கிறது பாசமான வார்த்தைதான். ஆனா தாடியையும் தொப்பியையும் பாத்து நீயா ஆரம்பிக்காத, "வாங்கண்ணே" அவருக்கும் பொருந்தும்.

கணவன் மனைவியா வந்தா யாரைப் பாத்துப் பேசணும்?

யாருக்குத் துணியோ அவங்களை. சேலை எடுக்க வந்த பொண்ணை விட்டுட்டு காசு குடுக்கப் போறவர்னு ஆம்பளையைப் பாத்தே பேசுற பசங்க இருக்காங்க, அந்த மனுஷன் பாவம் போனை நோண்டிக்கிட்டு இருப்பாரு, அவருக்கு அரக்குக்கும் மெரூனுக்குமே வித்தியாசம் தெரியாது.

இதை விட முக்கியம், உறவை நீயா அறிவிக்காத. "பொண்ணுக்கா சார்?"னு கேட்டு அது சம்சாரமா இருந்தா? "அம்மாவுக்கா?"னு கேட்டு அது அக்காவா இருந்தா? அதே மாதிரி தனியா வந்த அம்மாகிட்ட "வீட்டுல சாருக்கு என்ன கலர் பிடிக்கும்"னு விளையாட்டாக் கேப்பானுக, அவரு போயி மூணு மாசம் ஆயிருக்கும். "யாருக்குப் பாக்குறீங்க?" இந்த ஒரு கேள்வி போதும்.

நேர்ல மரியாதையாத்தான் பேசுறேன், அப்புறமும் கஸ்டமர் கோவிச்சுக்கிட்டுப் போறாங்களே?

மேல நிக்கிற பையனுக்கு நீ என்ன கத்துனன்னு யோசிச்சுப் பாரு.

முன்னாடி "வாங்க உட்காருங்க"ன்னு சொல்லிட்டு, மாடியைப் பாத்து "டேய், அந்தக் குண்டம்மாவுக்கு டபுள் எக்ஸ்எல் எடுத்துப் போடு"ன்னு கத்துறது. "இது என்னமோ பார்டர் இல்லாம கேக்குது"ன்னு பக்கத்துல நிக்கிறவன்கிட்ட முணுமுணுக்குறது. முன்னிலையில மரியாதை குடுக்குறது சுலபம், படர்க்கையிலதான் எல்லாரும் மாட்டுறது. கஸ்டமருக்கு காது நல்லாக் கேக்கும்ப்பா, அதுவும் அவங்களைப் பத்திப் பேசுனா இன்னும் நல்லாக் கேக்கும்.

நம்ம பக்கத்துப் பேச்சுலயே அழகா வழி இருக்கு. "அவுகளுக்கு அந்தக் கடுகு மஞ்சளைக் காட்டு", "இவுக காட்டன் கேக்குறாக". அவுக, இவுக, வந்திருக்காக, கேக்குறாக. இதை வீட்டுல பேசுறோம், கடைக்கு வந்ததும் டீசண்ட்டா இல்லைன்னு விட்டுட்டு "அது கேக்குது"ன்னு போயிறோம். நல்ல வார்த்தையைக் கழட்டி வச்சிட்டு மோசமானதைப் போட்டுக்கிறது. சைஸை சைஸா மட்டும் சொல்லு, ஆளை அடையாளம் காட்டணும்னா உடம்பையும் நிறத்தையும் சொல்லாம "மூணாவது கவுன்டர்ல இருக்கவுக"ன்னு சொல்லு.

பீகார், ஒடிசா பக்கத்துத் தம்பிங்க வேலை பாக்குறாங்க. "அக்கா வா, அண்ணா சொல்லு"ங்கிறாங்க, கஸ்டமர் முறைக்கிறாங்க.

அவங்க தப்பு இல்ல. அவங்க தமிழ் கத்துக்கிட்டது யார்கிட்ட? சூப்பர்வைசர்கிட்ட. அவரு நாள் பூரா அவங்ககிட்ட "வா, போ, எடு, வை"ன்னுதான் பேசுறாரு. அந்தத் தம்பிக்குத் தெரிஞ்ச தமிழே அவ்வளவுதான், நம்ம பேசுனதைத்தான் திருப்பித் தர்றான்.

ஹிந்திக்காரப் பையன்னா சொல்லிக் குடுக்குறது ஈஸி. அவங்க பாஷையிலயும் து, தும், ஆப்னு படி இருக்கு. "ஆப்னா நீங்க, கடைசியில ங்க ஒட்டு"ன்னு சொன்னா அரை நாள்ல பிடிச்சுக்குவான். எங்க பக்கத்து ஹோட்டல்ல ஒரு தம்பி எல்லாத்துக்கும் ஒட்டிருவான், "இட்லிங்க, சாம்பார்ங்க, சட்னி தீந்துபோச்சுங்க", கேட்டா கோயம்புத்தூர்க்காரன் மாதிரி இருக்கும், ஆனா ஒருத்தரும் கோவிச்சுக்கிட்டதில்ல.

சின்னப் பிள்ளைகளை?

குழந்தைன்னா பாப்பா, தம்பி, நீ. பத்தாவது படிக்கிற பொண்ணைப் பாப்பான்னா அதுக்குப் பிடிக்காது, நீங்கன்னு சொல்லிப் பாரு, ஒடனே நிமிந்து உட்காரும். கன்னத்தைக் கிள்றது, "உன் பேரு என்ன, எந்த ஸ்கூலு" எல்லாம் வேண்டாம்.

மாலை போட்டவங்க வந்தா?

சாமி. ஆறு வயசுப் பையனா இருந்தாலும் சாமி. தைப்பூசத்துக்கு குன்றக்குடி வழியா பழனிக்கு நடக்குற சீசன்ல துண்டு வாங்க வர்ற கூட்டத்துக்கு இந்த ஒரு வார்த்தை போதும், வருஷத்துலயே யூகிக்கத் தேவையில்லாத ஒரே மாசம் அதுதான்.

திருநங்கைகளை எப்படி?

மத்த பெண்களை எப்படியோ அப்படியே. அவங்களுக்குன்னு நலவாரியம் இந்த ஸ்டேட்ல 2008-லயே வந்தாச்சு, நம்ம கடையில இன்னும் அவங்களைக் கண்டதும் அஞ்சு ரூபாயை நீட்டி வெளியில அனுப்பப் பாக்குறோம். சேலை எடுக்க வந்திருக்காங்க, எடுத்துக் காட்டு. எங்க கடையில ரெகுலரா ஒருத்தங்க வருவாங்க, பார்டர் பத்தி அவங்களுக்கு இருக்குற ஞானம் எனக்குக் கிடையாது.

வெளிநாட்டுக்காரங்க?

கானாடுகாத்தான்ல செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பாக்க வர்றவங்க அப்படியே இங்கயும் வர்றாங்க, பிரெஞ்சுக்காரங்க நிறைய. "வணக்கம்" போதும், அவங்களே கையைக் கூப்பிக்கிட்டுத்தான் வர்றாங்க. பின்னாடியே நடந்து "மேடம் கம், மேடம் சீ, மேடம் குட் பிரைஸ்"னு போகாத. முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள்ல பாரு, நல்லா விக்கத் தெரிஞ்ச ஆளு பேசாம உட்கார்ந்திருப்பாரு, அவங்களா ஒரு பித்தளைச் செம்பைத் தூக்குன பிறகுதான் எந்திரிச்சு வருவாரு.

போன்ல, வாட்ஸப்ல?

போன்ல குரலை வச்சு சார் மேடம் போடாத, தப்பும். "வணக்கம், சொல்லுங்க." வாட்ஸப்ல "ஹாய் டியர்" அனுப்புன ஒரு பையனால ஒரு அண்ணன் கடைக்கே வந்துட்டாரு, இவன் கஸ்டமர் எல்லாருமே டியர்னு எங்கயோ பாத்துப் பழகியிருக்கான். ஆர்டர் விஷயம் மட்டும் எழுது. காலையில பூப்படம் போட்டு குட் மார்னிங் வேண்டாம்.

கஸ்டமர் நம்மளை "டேய்"னு கூப்பிட்டு சொடக்குப் போட்டா?

நீ "ங்க"வை விடாத, ஆனா சிரிக்கணும்னு அவசியம் இல்ல. மிச்சம் முதலாளியோட வேலை. நான் போயி "தம்பிகிட்ட நான் சொல்லிருக்கேன், அவரு எடுத்துக் காட்டுவாரு"ன்னு சொல்லுவேன், அந்த "அவரு"ல பாதிப் பேரு அடங்கிருவாங்க. கேக்காதவங்களுக்கு நானே துணியை எடுத்துப் போடுவேன், பையனை உள்ள அனுப்பிருவேன். ஒரு சேலை விக்காட்டி பரவாயில்ல, வேலைப் பையன் போயிட்டா ஆறு மாசம் ஆள் கிடைக்காது.

யாராவது உள்ள வந்தா எந்திரிச்சு நிக்கணுமா?

வந்ததும் எந்திரி, பேசு, அவங்க உட்கார்ந்தா நீயும் உட்காரலாம். நாள் பூரா நிக்க வைக்கிறது மரியாதை கிடையாது, வெரிகோஸ்தான் மிச்சம். கடையில வேலை பாக்குறவங்களுக்கு உட்கார சீட் போட்டே ஆகணும்னு தமிழ்நாட்டுல 2021-ல சட்டத் திருத்தமே வந்தாச்சு.

பாக்கப்போனா நிக்கிற வியாபாரமே நம்ம ஊரு வழக்கம் இல்ல. பர்மா, மலேயா, சிங்கப்பூர்ல செட்டியார் கிட்டங்கிகள்ல, அதாவது அவங்க வட்டித் தொழில் நடத்துன கட்டடங்கள்ல, தரையில பாயைப் போட்டு, முன்னாடி ஒரு பெட்டி, அதுதான் ஆபீஸு. பெட்டியடிப் பையனாச் சேந்து, எடுபிடி வேலை பாத்துத் தொழில் கத்துக்கிட்டு, அடுத்தாள், மேலாள்னு ஏறுவாங்க, ஒரு கணக்குன்னா, அதாவது ஒரு தடவை போயி வேலை பாக்குற காலம், மூணு வருஷம். வர்றவங்களும் எதுத்தாப்புல உட்கார்ந்துதான் பேசணும், கண்ணு ஒரே மட்டத்துல இருக்கும். பழைய ஜவுளிக்கடை மெத்தையும் அப்படித்தான், கஸ்டமரும் விக்கிறவரும் மெத்தையில உட்கார்ந்து, சேலையை மடியில விரிச்சுப் பாத்து, நடுவுல ஒரு காபி. என் கடையில கண்ணாடி கவுன்டரை எடுத்துட்டு திரும்ப மெத்தைதான் போட்டிருக்கேன், கண்டாங்கிக் கட்டத்தை நின்னுக்கிட்டு பாத்தா ஒண்ணும் தெரியாது.

தப்பாக் கூப்பிட்டுட்டேன், இப்ப என்ன பண்ண?

"மன்னிச்சுக்கங்க"ன்னு ஒரு தடவை. விளக்கம் சொல்லாத, நான் ஓடிப்போயி சொன்ன கதைதான் மேல இருக்கே. "பாக்க வயசானவங்க மாதிரி தெரிஞ்சுச்சு"ன்னு விளக்குனவனும் இருக்கான்!

போகும்போது?

"போயிட்டு வாங்க." வாங்காமப் போனாலும் அதே குரல்ல. கேட்டது இல்லைன்னா இல்லைன்னு மொட்டையா நிறுத்தாத, "வர வேண்டியிருக்கு, வந்ததும் சொல்றேன்"னு சொல்லு, உண்மையிலயே வரும்னா மட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வந்தவங்களை லைட்டை அணைச்சு விரட்டுறது இருக்கே, அதைச் செஞ்சவன் எவன்னு கேமராவுல பாத்துட்டேன், அவனுக்கே தெரியும்.

பில்லுல பேரு எழுதும்போது திரு, திருமதி, செல்வி?

எதுவும் வேண்டாம். இனிஷியலும் பேரும். அதுவும் இந்த ஊருல சில வீட்டு இனிஷியல் நாலஞ்சு எழுத்து இருக்கும், அது அவங்க பாட்டன் காலத்துக் கடை விலாசம், அதாவது தொழில் பேரா வச்சிருந்த முன்னெழுத்து. "இவ்வளவும் போடணுமா"ன்னு கேட்டுறாத, கட்டத்துல இடம் பத்தலைன்னா எழுத்தைச் சின்னதாக்கி முழுசா எழுது.